கதையை உடைக்காமல் படம் கதைப்பது எப்படி: நம்மட குரூப்புகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு வியாழக்கிழமை, புதுப்படம் வந்த முதல் நாள். மட்டக்களப்பு டவுனில் இரவுக் காட்சி முடிந்து வரும் வழியில், கல்லடிப் பாலம் தாண்டியதும் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, எங்கள் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி எழுதினேன். படத்தில் யார் சாகிறார் என்பது அந்த வரியில் இருந்தது. மனம் நிறைந்து வழிந்த நேரத்தில் யோசிக்காமல் எழுதியது.

காலையில் கட்டாரில் வேலை செய்யும் மாமாவின் குரல் பதிவு வந்து கிடந்தது. "பரவாயில்ல மகன். இண்டைக்குப் பாக்கத்தான் டிக்கட் எடுத்து வெச்சிரிந்தன். கதை தெரிஞ்சி போச்சிதானே, கூட இரிக்கிற பொடியனுக்கு டிக்கட்டக் குடுத்திட்டன்." அவர் ஏசியிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். அவருக்குக் கிழமையில் ஒரு வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. அந்த வெள்ளியை நான் எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் குரூப்பில் நிறைய வாதாடி, சண்டை பிடித்து, சில வழக்கங்களைப் பழகிக்கொண்டோம். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, திருக்கோவில் என்று கரையோரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் குடும்பம் இது. அரைவாசிப் பேர் வெளிநாட்டில். எங்களுக்குச் சரிவந்ததை ஒழுங்காக எழுதி வைத்தால் மற்றக் குரூப்புகளுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், எது கதையை உடைப்பது என்று பிரித்தறியுங்கள்

ஸ்பொய்லர் என்றால் கிளைமாக்ஸைச் சொல்வது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எங்கள் படங்களின் அமைப்பே வேறு. தமிழ்ப் படத்துக்கு நடுவில் இடைவேளை இருக்கிறது. அந்த இடைவேளைக்கு முன் வரும் பத்து நிமிடத்துக்காகவே பல படங்களின் முதல் பாதி கட்டப்படுகிறது. "இடைவேளையில ஆள் யாரெண்டு தெரிய வரும், பாருங்க" என்று எழுதினால் பாதிப் படத்தை உடைத்தாயிற்று.

சொல்லக் கூடாதவற்றில் முதலில் வருபவை சாவு, துரோகம், யார் வில்லன், யார் யாருடைய பிள்ளை என்பவை. அறிவிக்காமல் வந்து போகும் நடிகரின் பெயரும் அதே அளவுக்குப் பெரிய விசயம். தியேட்டரே எழுந்து விசிலடிப்பதற்காக மறைத்து வைத்த முகம் அது. பெயர்கள் ஓடி முடிந்த பிறகு வரும் துண்டுக் காட்சியும், அடுத்த பாகத்துக்கு விட்டுவைத்த முடிச்சும் இதே வகைதான்.

ஒன்றுமே சொல்லாதது போல் சொல்வதுதான் கவனிக்க வேண்டிய இடம். "கடைசி இருபது நிமிசத்துக்கு லேஞ்சி கொண்டு போங்க" என்றால் முடிவு சோகம் என்று தெரிந்துவிடும். "ரெண்டாம் பாதியில ஒரு பெரிய திருப்பம் இரிக்கி" என்றால் பார்ப்பவர் கதைக்குள் இறங்காமல் ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நடிகரின் படத்தோடு ஒரு கும்பிடும் கை, ஒரு அழும் முகம் போட்டால் அதுவும் செய்திதான். எழுத்து இல்லை என்பதால் அது ஸ்பொய்லர் இல்லை என்று ஆகிவிடாது.

முன்னோட்டத்தில் வந்தவை, படக்குழுவே அறிவித்த நடிகர் பட்டியல், படத்தின் நீளம், பிள்ளைகளோடு போகலாமா, ரத்தம் அதிகமா, பாட்டு எப்படி, சத்தம் தெளிவா என்பவற்றை யாரும் எப்போதும் சொல்லலாம்.

நாவலிலிருந்து வரும் படங்கள் கொஞ்சம் சிக்கலானவை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த கதை. படத்தின் முதற்பாகம் 2022 செப்டெம்பரிலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வந்தன. எங்கள் குரூப்பில் பெரியம்மா அதை இளம் வயதிலேயே வாசித்து முடித்தவர். மருமக்கள் ஒருவரும் வாசித்ததில்லை. "எழுவது வருசமாப் புத்தகத்தில இரிக்கிற கதைக்கு என்ன ரகசியம்?" என்று பெரியம்மா கேட்டது நியாயம். ஆனால் இரு பாகங்களுக்கும் இடையில் அந்தப் பிள்ளைகள் ஆறேழு மாதம் "இனி என்ன நடக்கும்?" என்று ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டு திரிந்த சந்தோசமும் நியாயம். பெரியம்மா அந்தக் காலம் முழுக்க வாய் திறக்கவில்லை. வாசித்தவர் வாசிக்காதவருக்குத் தரக்கூடிய பெரிய மரியாதை அது.

உங்கள் குரூப்பில் கடைசியாகப் படம் பார்ப்பவர் யார்?

இந்தக் கேள்வியிலிருந்துதான் மற்ற எல்லா ஒழுங்கும் வருகிறது. "படம் வந்து மூன்று நாள், ஒரு கிழமை" என்று ஊருலகத்தில் சொல்லும் கணக்கு, தியேட்டருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் போட்ட கணக்கு. ஒரு தாளை எடுத்து உங்கள் குரூப்பில் இருப்பவர்கள் எப்போது படம் பார்க்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

டொரன்டோவில் இருக்கும் சித்தியின் மகள் புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு முன்காட்சிக்குப் போனால், கோடை நேரத்தில் இங்கே வியாழன் விடியப்புறம் 4.30. எங்கள் ஊரில் போஸ்டர் ஒட்டிய பசை காய முன்னரே அவள் முழுப் படமும் பார்த்துவிடுவாள். முதலில் பார்ப்பவர் அவள். அடுத்தது நாங்கள், டவுனுக்குப் போய்வர மோட்டார் சைக்கிளும் கையில் காசும் உள்ள இளைஞர்கள். அதன் பிறகு வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கும் வளைகுடாக்காரர். மண்டூரில் இருக்கும் மச்சான், குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றும் படகில், வாவியைக் கடந்து வந்து பகல் காட்சி பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். அவனுக்கு ஞாயிறுதான் சரி.

தை பிறந்தால் பெரும்போக வெட்டு நெருங்கிவிடும். பெரியப்பா வட்டையில், அதாவது வயல்வெளியில், வாடிக் குடில் போட்டு யானைக்குக் காவல் இருப்பார். பொங்கலுக்கு வந்த படம் அவருக்கு நெல் வீடு வந்து சேர்ந்த பிறகுதான். உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் கடைசிப் பாடம் முடிந்த பின்னேரம். சாய்ந்தமருதில் இருக்கும் என் கூட்டாளி நோன்பு மாதம் முழுக்கப் படம் பார்ப்பதில்லை, பெருநாள் கழித்துத்தான் கேட்பான். கைப்பிள்ளையோடு இருக்கும் அக்கா தியேட்டர் வாசலை மிதித்து மூன்று வருடம். ஓடிடியில் வந்த பின், அதுவும் பிள்ளை தூங்கிய பிறகு, இரண்டு மூன்று இரவுகளாகப் பிரித்துப் பார்ப்பார். பெரும்பாலான தமிழ்ப் படங்கள் இப்போது தியேட்டருக்கு வந்து நாலு கிழமை அளவில் ஓடிடிக்கு வருகின்றன. ஆகவே அக்காவின் கணக்கு ஒரு மாதத்துக்கு மேலே.

தாளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். பிந்திப் பார்ப்பவர்கள் ஆர்வம் குறைந்தவர்கள் இல்லை. நேரம் குறைந்தவர்கள், காசு குறைந்தவர்கள், பிள்ளை பார்ப்பவர்கள், தூரத்தில் இருப்பவர்கள். முதல் நாள் பார்க்க வசதியுள்ள நாங்கள் எங்கள் வசதிக்கு ஏற்ற கெடுவை வைத்துவிட்டு, "ஒரு கிழமையாச்சி, இன்னும் பாக்கல்லையா?" என்று அவர்களைக் கேட்கிறோம். குரூப்பில் ஒன்றும் பேசாமல் இருந்தவர்கள்தான் கூடுதலாக இழந்தவர்கள். ஆகவே கெடு கடைசி ஆளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கெடுவை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள்

நாங்கள் வைத்திருக்கும் கெடு இது. முதல் பத்து நாள் கதை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன் பிறகு, ஓடிடியில் வந்து இரண்டு கிழமை ஆகும் வரை, மறைத்து எழுதலாம். எப்படி மறைப்பது என்று கீழே சொல்கிறேன். அதற்கும் பிறகு திறந்து கதைக்கலாம், ஆனால் முதற்சொல் படத்தின் பெயராக இருக்க வேண்டும். யாராவது "எனக்காகக் கொஞ்சம் பொறுங்க" என்று கேட்டால் காரணம் கேட்காமல் பொறுப்போம்.

இதோடு ஒரு சின்னப் பழக்கமும் உண்டு. படம் பார்த்து முடித்தவர் குரூப்பில் "பாத்திட்டன்" என்ற ஒரு சொல்லை மட்டும் போடுவார். நல்லது, கெட்டது ஒன்றும் இல்லை. யார் மீதி என்று கணக்கு வைக்க அது போதும்.

ஒழுங்கை எழுதும்போது சட்டம் போல் எழுதாதீர்கள். எங்கள் குரூப் விவரத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன், விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள்: "நம்மில் சிலர் பிந்தித்தான் படம் பார்ப்போம். பார்த்தவர்கள் 'பாத்திட்டன்' எண்டு மட்டும் போடுங்க. கதை கதைக்கிறதெண்டால் பார்த்தவர் குரூப்புக்கு வாங்க. தவறிச் சொல்லிட்டால் உடனே அழிச்சிடுங்க, யாரும் ஏச மாட்டம்." பெரிய படம் வரும் கிழமையில் இதை மேலே பின் செய்து வைக்கலாம். வட்ஸ்அப்பில் 24 மணித்தியாலம், 7 நாள், 30 நாள் என்று மூன்று அளவு இருக்கிறது. 30 நாளைத் தெரிவு செய்யுங்கள்.

பழைய படங்களுக்குக் கெடு இல்லையா என்று கேட்பீர்கள். 'அந்த நாள்' 1954இல் வந்த படம், பாட்டே இல்லாமல் எடுத்த கொலைக் கதை. சென்ற வருடம் மருமகள் ஒருத்தி அதைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும், குரூப்பிலிருந்த பெரியவர்கள் எல்லோரும் இரவு முழுக்க ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள். ஒருவர் இப்போதுதான் பார்க்கப் போகிறார் என்று தெரிந்தால் எழுபது வருடப் படமும் புதுப்படம்தான்.

மறைத்து எழுதும் முறை

டெலிகிராமில் இதற்கென்றே வசதி இருக்கிறது. எழுதிய பகுதியைத் தெரிவு செய்து ஸ்பொய்லர் என்பதை அழுத்தினால் எழுத்து மங்கலாகி, தொட்டால் மட்டும் தெரியும். தெரிவு செய்வது கரைச்சல் என்றால் சொற்களின் இரு பக்கமும் இரண்டிரண்டு நெடுங்கோடு (||) போட்டாலும் அதே வேலை செய்யும். டிஸ்கோர்டிலும் அதே இரட்டைக் கோடுதான். டெலிகிராமில் படங்களையும் காணொளிகளையும் கூட இப்படி மறைத்து அனுப்பலாம்.

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். அங்கே நாங்கள் கையால் மறைக்கிறோம். போன் பூட்டியிருந்தாலும் செய்தியின் முதல் வரி திரையில் தெரியும். குரூப் பட்டியலிலும் அதே வரி தெரியும். ஆகவே முதல் வரியில் எச்சரிக்கை மட்டும். படத்தின் பெயர், எதுவரை சொல்லப் போகிறீர்கள் என்பது. "இடைவேளை வரைக்கும்" என்றோ "முடிவு வரைக்கும்" என்றோ எழுதுங்கள், ஏனென்றால் அக்கா போல் பாதி பார்த்தவரும் இருப்பார். அதன் பின் ஒரு வரிக்கு ஒரு புள்ளியாகப் புள்ளிகளைக் கீழே கீழே போட்டு, நீண்ட இடைவெளிக்குப் பிறகு விசயத்தை எழுதுங்கள். செய்தி நீளமானால் வட்ஸ்அப்பே அதை மடித்து "மேலும் படிக்க" என்று காட்டும். வேண்டியவர் மட்டும் திறப்பார்.

குரல் பதிவு நல்ல மறைப்புப் போலத் தெரியும், ஏனென்றால் திறக்காமல் உள்ளே என்ன என்று தெரியாது. ஆனால் எங்கள் வீடுகளில் குரல் பதிவைக் காதில் வைத்துக் கேட்பவர் யார்? குசினியில் போனை வைத்துச் சத்தமாகப் போடுவார்கள். பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் அம்மாவும் கேட்பார். குரல் பதிவுக்கு முன் எச்சரிக்கை வரி ஒன்றைத் தனியாக எழுதி அனுப்புங்கள்.

விமர்சனக் காணொளியின் இணைப்பை அனுப்பும்போது அதன் தலைப்பும் முகப்புப் படமும் சேர்ந்து போகும். உடைப்பு பெரும்பாலும் அந்த முகப்புப் படத்தில்தான் இருக்கும். அனுப்புமுன் முன்தோற்றத்தின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி எடுத்துவிடுங்கள்.

ஸ்டேட்டஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை யாரும் தேடித் திறப்பதில்லை. ஒருவருடையது முடிய அடுத்தவருடையது தானாக ஓடிவரும். எச்சரிக்கை வாசிக்க நேரமில்லை. ஆகவே ஸ்டேட்டஸில் கதை வேண்டவே வேண்டாம், டிக்கட்டைப் போட்டால் போதும். தியேட்டர்த் திரையைப் போனில் பிடித்துப் போடுவது அதைவிடக் கூடாதது. கதை உடைவது ஒரு பக்கம், இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளிக்குத் தந்த உரிமையை மீறுவதும் அது.

எல்லாவற்றையும் விட இலகுவான வழி தனிக் குரூப். எங்களுடையதன் பெயர் "பார்த்தவர்". "பாத்திட்டன்" போட்டவரை அட்மின் அங்கே சேர்ப்பார். அடுத்த பெரிய படம் வரும்போது எல்லோரையும் எடுத்துவிட்டு மீண்டும் ஒவ்வொருவராகச் சேர்ப்போம். கொஞ்சம் வேலைதான். ஆனால் அங்கே விடிய விடிய, ஒன்றையும் மறைக்காமல் கதைக்கலாம்.

"படம் எப்படி?" என்று கேட்டால்

கதை சொல்லாமல் படத்தைப் பற்றிப் பேசப் பழக வேண்டும். முதலில் வாய் அடைத்துப் போகும். பிறகுதான் படத்தில் கதை தவிர எவ்வளவு இருக்கிறது என்று தெரியவரும். ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒருவர் நடித்த விதம், எங்கே இழுத்தது, யாரோடு போனால் நல்லது. "மழைக் காட்சிகள் எல்லாம் ஐப்பசி மழையில வட்டைக்குள்ள நிண்டது மாதிரி இரிந்திச்சி" என்று மண்டூர் மச்சான் ஒரு படத்தைப் பற்றி எழுதினான். அதை வாசித்துத்தான் நாலு பேர் அந்தப் படத்துக்குப் போனார்கள்.

சிலர் முடிவை முன்கூட்டியே அறிய விரும்புவார்கள். அண்மையில் வீட்டில் சாவு கண்டவர், பிள்ளையைக் கூட்டிப் போகும் தாய், யுத்தக் காட்சிகளைப் பார்க்க முடியாதவர். எங்கள் ஊர்களில் அந்தக் கடைசி வகையினர் குறைவில்லை. அவர்களுக்குத் தனியாக அழைத்து, கேட்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கேட்டவருக்குச் சொல்வது உதவி.

"கூத்துப் பார்க்கிற ஆக்களுக்கு இது என்ன புதுக்கதை?"

எங்கள் குரூப்பில் எழுந்த வாதங்களில் இதுதான் கனமானது. கூத்தாடிய அனுபவமுள்ள பெரியப்பா சொன்னது. எங்கள் கூத்தில் மோடி, அதாவது ஆட்டப் பாணி, இரண்டு: வடமோடி என்றால் பெரும்பாலும் போர், தென்மோடி என்றால் பெரும்பாலும் காதலும் கலியாணமும். மோடியைச் சொன்னாலே முடிவு பாதி தெரியும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆடுபவர்களுக்குச் சட்டம், அதாவது அவரவர் பாட்டுப் பிரதி, கொடுத்த நாளிலிருந்து மாதக்கணக்காகப் பழகும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும், அரங்கேற்றத்துக்கு முன்னரே சின்னப் பிள்ளைக்கும் பாட்டு மனப்பாடம். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதக் கதை நடக்கிறது, வனவாசமும் அருச்சுனன் தவமும் தீமிதிப்பும் எந்த நாள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சனம் திரண்டு நிற்கிறது. "கதை தெரிஞ்சா ரசிக்கேலா எண்டால் நாங்க என்னத்துக்கு விடிய விடியக் களரியச் சுத்தி இரிந்த?" என்று கேட்டார்.

அமெரிக்காவில் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வும் பெரியப்பாவின் பக்கம்தான். பன்னிரண்டு சிறுகதைகளைக் கொடுத்துப் பார்த்ததில், முடிவை அறிந்து வாசித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் செய்த ஆய்வில் அதற்கு எதிரான முடிவு வந்தது.

நான் பல நாள் யோசித்துத்தான் பெரியப்பாவுக்குப் பதில் எழுதினேன். கூத்தில் யார் வருகிறார் என்று கட்டியகாரன் முன்கூட்டியே அறிவிக்கிறான். அவன் களரிக்குள் நிற்பவன், ஆட்டத்தின் ஒரு பகுதி. எப்போது சொல்ல வேண்டுமோ அப்போது சொல்ல அண்ணாவியார் வைத்த ஆள். வெளியே கச்சான் விற்கும் ஒருவர் உள்ளே வந்து சொல்வதில்லை. பாரதக் கதை எல்லோருக்கும் சமமாகத் தெரியும், ஒருவர் தெரிந்தவர் மற்றவர் தெரியாதவர் என்ற ஏற்றத்தாழ்வு அங்கே இல்லை. புதுப்படத்தில் எதை எப்போது திறப்பது என்று தீர்மானித்தவர் அதை எடுத்தவர். அந்த நேரத்தை மாற்ற எனக்கு உரிமை இல்லை. லண்டனில் 1952இல் தொடங்கிய 'மவுஸ்ட்ராப்' நாடகத்தில், ஆட்டம் முடிந்ததும் கொலையாளி யார் என்று வெளியே சொல்ல வேண்டாமென்று சபையிடம் கேட்டுக்கொள்வார்கள். மேடையில் நிற்பவரே கேட்கிறார், சபை காப்பாற்றுகிறது.

பெரியப்பா ஒரு நாள் கழித்து எழுதினார்: "சரிதான். கட்டியகாரன்ர வேலைய நாம செய்யப்படாது."

பார்க்காதவர் பக்கமும் கொஞ்சம் வேலை இருக்கிறது

எப்போது பார்க்கப் போகிறீர்கள் என்று குரூப்பில் சொல்லி வையுங்கள். "ஞாயிறு பகல் காட்சி" என்று இரண்டு சொல் போட்டால் அதுவரை எல்லோரும் கவனமாக இருப்பார்கள். போனில் செய்தி முன்தோற்றத்தை நிறுத்திவிடுங்கள். உங்களுக்குத் தெரியாத நூறு பேர் உள்ள குரூப்பை அந்தக் கிழமை மௌனமாக்குங்கள். முகநூலில் கருத்துகளைத் திறக்காதீர்கள், அந்நியர்கள் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

தவறிச் சொல்லிவிட்டால்

வட்ஸ்அப்பில் அனுப்பி 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. ஒருவர் அனுப்பியதைக் குரூப் அட்மினும் அழிக்கலாம். உடனே அழியுங்கள், நாலு பேர் பார்த்திருந்தாலும் ஐந்தாவது ஆள் தப்புவார்.

மற்றவர்கள் செய்யும் பிழையைத்தான் நான் அடிக்கடி காண்கிறேன். உடைத்த செய்தியைச் சுட்டிக்காட்டி, "ஐயோ, ஏன்டா சொன்ன நீ?" என்று பதில் போடுகிறார்கள். மூலச் செய்தி அழிந்தாலும் சுட்டிய துண்டு அந்தப் பதிலுக்குள் அப்படியே நிற்கும். போதாததற்கு, அது உண்மைதான் என்று உறுதியும் செய்துவிடுகிறது. ஒன்றும் எழுதாமல் அட்மினுக்குத் தனியாகச் சொல்லுங்கள். பிறகு வேறு எதையாவது, சமையலோ கிரிக்கெட்டோ, நாலைந்து செய்தி போட்டு அதை மேலே தள்ளிவிடுங்கள்.

உடைத்தவர் மூத்தவராக இருந்தால் குரூப்பில் திருத்தக் கூடாது. "மாமி, அக்கா இன்னும் பாக்கல்ல, அந்த மெசேஜ அழிச்சிடுவமா?" என்று அழைத்துக் கேட்டால் எந்த மாமியும் மறுக்க மாட்டார். இளையவர் என்றாலும் முதல் முறை தனியாகத்தான்.

யாருக்கு உடைந்ததோ அவரிடம் நேரே மன்னிப்புக் கேளுங்கள், "அது பெரிய விசயமில்ல, படம் நல்லாத்தான் இரிக்கி" என்று ஆறுதல் சொல்ல வேண்டாம். நான் மாமாவுக்கு அப்படித்தான் சொன்னேன். அவர் பதில் அனுப்பவில்லை. பிறகு அழைத்து, "உங்கட வெள்ளிக்கிழமைய நான் கெடுத்திட்டன் மாமா" என்றபோதுதான் சிரித்தார்.

போன தீபாவளிக்கு வந்த படத்துக்குக் குரூப்பில் மாமாவின் பெயர் மட்டும் மீதியாக நின்றது. இங்கே அடைமழை, இரண்டு நாள் கரண்ட் இல்லை, பார்த்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இரண்டாவது வெள்ளிக்கிழமை, எங்கள் நேரம் இரவு ஒன்றரை, கட்டாரில் பதினொன்று. போன் ஒளிர்ந்தது. "பாத்திட்டன் மகன். என்னை உள்ளுக்கு எடு, நிறையக் கதைக்க இரிக்கி."